சந்திரனுக்குப் பட்டா உண்டா?

சென்ற வாரம் ஒரு நாள் இரவு, மறுநாள் விசாரணைக்குரிய கட்டுகளைப் பார்த்து முடித்த பின்னர், டெலிவிஷன் பெட்டியின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். அன்று காட்டப்பட்டது கதைப்படம் அன்று. சந்திரனைப் பற்றிய ஒரு விவரணப் படம். ஜப்பானியர் அனுப்பிய விண்கலம் ஒன்று சந்திரனைச் சுற்றி வந்து எடுத்த மிகத் தெளிவான காட்சிகளைத் தொகுத்து அதனை அமைத்திருந்தார்கள். நம்முடன் நமது குமாஸ்தாவும் இருந்தார். அவர் நில வழக்குகளிலேயே தலை நரைத்தவர். புலப்படத்தைக் கையில் கொடுத்தால் எந்த மூலையில் எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடக் கூடியவர். அவர் கேட்ட ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அதனைக் கூறுமுன், கண்ட காட்சியைக் கூறி விடுகிறோம்.

அவ்விண்கலத்தின் பெயர் ககுயா. 2007-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 14-ந் தேதி, ஜப்பானின் தென்பாகத்திலுள்ள தானேகஷிமா தீவிலிருந்து அது கிளம்பிற்று. மூங்கில் வெட்டும் கிழவன் ஒருவன், மூங்கிற் கணுவினுள்ளே ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தான் என்றும், அவள் சந்திரலோகத்தைச் சேர்ந்தவள் என்றும் ஜப்பானில் ஒரு பழங்கதை வழங்குகிறது. அப்பெண்ணின் பெயரையே கலத்திற்கு இட்டார்கள். சந்திரனது தரைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்திலிருந்து துருவத்திற்கு அது சுற்றிக் கொண்டிருந்தது. விஞ்ஞானக் கருவிகளோடு, ஜப்பானிய ஒலிபரப்பு ஸ்தாபனமாகிய என்.எச்.கே. தயாரித்த ஹை-டெபினிஷன் டெலிவிஷன் காமிராவும் அதில் இருந்தது. சந்திரனைச் சுற்றிய கலம் ஒன்றில் அத்தகைய காமிரா சென்றது அதுவே முதல் தடவை.

காட்சிகளின் தெளிவை என்னென்பது! காற்று இல்லாத இடமாகையால், அருகிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள மலையும் ஒரே கூர்மையோடு தெரிகின்றன. வெளிச்சம் படும் இடம் வெண்சுண்ணம் போலவும், படாத இடம் மையிருளாகவும் இருக்கின்றன. இடையே மங்கல் என்பது இல்லை. பள்ளத்துக்குள் பள்ளமும், அதனுள்ளே மற்றொரு சிறு பள்ளமுமாக, கோடிக்கணக்கான வருஷங்களாக விழுந்த விண்கற்களின் வடுக்கள் அனைத்தும் அழியாமல் இருக்கின்றன. அவற்றை அழிப்பதற்கு அங்கே மழையும் இல்லை, ஆறும் இல்லை. சந்திரனது பரப்பு சுமார் 3 கோடியே 80 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்காக் கண்டத்தை விடப் பெரியது. அவ்வளவு பெரிய பூமியில் ஒரு வேலியையும் ஒரு வரப்பையும் காணோம்.

பிறகு, அடிவானத்தின் கறுப்பிலிருந்து நமது பூமி நீலமாக எழும்பி வந்தது. 1968-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி அப்போலோ-8 கலத்திலிருந்து ஆண்டர்ஸ் என்பவர் எடுத்த புகைப்படத்தின் மூலம் உலகம் இக்காட்சியை அறியும். அது அசையாப் படம். ககுயா அனுப்பியதோ அசையும் படம். இதிலே ஒரு நுட்பமுண்டு. சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைப் பூமியின் பக்கம் திருப்பியிருப்பதால், அதன் தரையில் நிற்பவன் கண்ணுக்குப் பூமி உதிப்பதும் இல்லை, அஸ்தமிப்பதும் இல்லை. வானத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். சந்திரனைச் சுற்றி ஓடுகிறவனுக்கே பூமியின் உதயம் உண்டு. முழு வட்டமாக ஒளிரும் பூமி உதிப்பதை 2008-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ககுயா படம் பிடித்தது. சூரியன், பூமி, சந்திரன், கலம் ஆகிய நான்கும் ஒழுங்காக அமையும் அச்சமயம் வருஷத்திற்கு இரண்டு தடவைதான் வாய்க்குமாம்.

1969-ம் வருஷம் ஜூலை மாதம் மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் கால் வைத்தபோது சென்னையில் டெலிவிஷன் கிடையாது. சென்னை நிலையம் 1975-ம் வருஷம் ஆகஸ்டில்தான் தொடங்கிற்று. நம் தந்தையர் அச்செய்தியை ரேடியோவில் கேட்டும் பத்திரிகையில் படித்தும் திருப்தி அடைந்தார்கள். கண்ட தேசத்தாரும் நிழல் போன்ற மங்கலான உருவங்களையே கண்டார்கள். சந்திரனிலிருந்து நேரே வந்த மூலப் பதிவு நாடாக்கள், பின்னர் அழிக்கப்பட்டு வேறு உபயோகத்திற்கு எடுத்துக் கொள்ளப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமாகிய நாஸா 2009-ல் தெரிவித்தது. மூலப் பத்திரம் போய் நகல் மிஞ்சிய கதைதான்! அம்மங்கலான நிழலிலிருந்து இன்றைய தெளிவு வரையில் வந்துவிட்டோம் என்று நாம் மகிழ்ந்து கொண்டிருந்தபோதுதான் குமாஸ்தா வாய் திறந்தார்.

“ஐயா, இது வேடிக்கை பார்க்க எடுத்த படமாகத் தெரியவில்லையே. வரிசை வரிசையாக, ஒரு இடம் விடாமல் அளந்து கொண்டு போகிறார்களே. சர்வே ஆகிவிட்டதென்றால் பட்டா யார் பேரில்?” என்று கேட்டார்.

நாம் முதலில் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்ததில், இரவு முழுதும் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது மிகவும் சரியான கேள்வி. டெலிவிஷன் காமிரா நமக்குக் காட்டியது ககுயா செய்த வேலையில் ஒரு சிறு பகுதியே. அதே கலத்திலிருந்த மற்றக் கருவிகள் லேஸர் ஒளியைப் பாய்ச்சி மேடு பள்ளங்களை அளந்தன. 10 மீட்டர் அளவுள்ள பொருளும் தெரியும்படி தரையைப் படமெடுத்தன. எந்தத் தாதுப்பொருள் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தன. தென் துருவத்தருகே ஷாக்கிள்டன் என்ற ஒரு பள்ளம் உண்டு. அதன் குறுக்களவு சுமார் 21 கிலோமீட்டர். அதன் அடித்தளத்தில் சூரிய வெளிச்சம் என்றுமே படுவதில்லை. அதற்குள்ளும் ககுயா எட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும்படியான பனிப்பரப்பு அங்கே இல்லை என்று சொல்லிற்று. விஞ்ஞானத்திற்கு இவையெல்லாம் பெரிய லாபம். ஆனால் பூமியில் நடந்ததென்ன? அளவைச் சங்கிலி முன்னே சென்றது. வரிவசூல் பின்னே வந்தது. அளந்தவன் எல்லாம் அபகரித்தவன் அல்லன். ஆனால் அளக்காமல் அபகரித்தவன் எவனும் இல்லை.

சந்திரன் அவ்வளவு பெரிது, சண்டைக்கு என்ன அவசியம் என்று சிலர் கேட்கலாம். ஒரு கிராமத்தில் ஆயிரம் ஏக்கர் கரம்பு இருக்கும். குளம் ஒன்றுதான் இருக்கும். வழக்கு கரம்பைப் பற்றி வருவதில்லை. சந்திரனில் விலையுள்ள இடங்கள் மிகச் சில. துருவங்களில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றுவதால், சில சிகரங்களில் ஏறக்குறைய எப்போதும் வெளிச்சமுண்டு. அங்கே மின்சாரம் கிடைக்கும். அவற்றின் பக்கத்திலேயே நித்திய இருளிலுள்ள பள்ளங்களில் உறைந்த நீர் இருக்கிறது. நீர் இருந்தால் குடிக்கலாம், சுவாசிக்கப் பிராணவாயு எடுக்கலாம், ராக்கெட்டுக்கு எரிபொருளும் செய்யலாம். சந்திரனில் நீரின் அடையாளத்தை உலகுக்கு எடுத்துக் காட்டிய கலங்களில் நமது சந்திரயான்-1 முக்கியமானது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2008-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அக்கலத்திலிருந்த அமெரிக்கக் கருவி ஒன்றின் முடிவு 2009 செப்டம்பரில் வெளியாயிற்று. ஆகவே, குளம் எங்கே என்று காட்டியதில் நமக்கும் பங்குண்டு. குளம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் நமக்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1967-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி கையெழுத்துக்கு வைக்கப்பட்ட விண்வெளி உடன்படிக்கையின் 2-வது ஷரத்து தெளிவானது. சந்திரனையோ வேறு எந்த விண்கோளத்தையோ எந்தத் தேசமும், இறையாண்மை கோரியோ, உபயோகித்தோ, குடியேறியோ, வேறு எந்த வழியாலோ தனதாக்கிக் கொள்ளலாகாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், இந்தியா யாவும் இதற்குக் கட்டுப்பட்டவை. 1979-ம் வருஷம் ஐக்கிய நாடுகள் சபை அங்கீகரித்த மற்றோர் உடன்படிக்கை, சந்திரனும் அதன் செல்வங்களும் மனித குலத்தின் பொதுச் சொத்து என்றும், அச்செல்வங்களை எடுக்கும் காலம் வரும்போது பங்கீட்டிற்குச் சர்வதேச ஏற்பாடு செய்யவேண்டுமென்றும் கூறிற்று. ஆனால் சந்திரனுக்குப் போகக்கூடிய வல்லரசுகள் அதனைத் தொடவில்லை. இந்தியா 1982-ல் கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை. கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் செய்யாத பத்திரத்தின் கதி என்னவோ, அதுவே இதன் கதியும்.

இந்த இடைவெளியில் புகுந்தது வக்கீல் தந்திரம். நமது தொழிலையே நாம் குறை கூற வேண்டியிருக்கிறது. தேசம் சந்திரனைச் சொந்தமாக்கிக் கொள்ளக்கூடாது என்றுதானே உடன்படிக்கை சொல்கிறது. ஒரு கம்பெனி அங்கே அள்ளிய மண்ணையும் தோண்டிய பனியையும் சொந்தமாக்கிக் கொள்வதை அது எங்கே தடுக்கிறது என்று கேட்டார்கள். 2015-ம் வருஷம் நவம்பரில் அமெரிக்கா, விண்வெளியில் எடுக்கும் பொருள் எடுத்தவனுக்கே சொந்தம் என்று தன் பிரஜைகளுக்குச் சட்டம் இயற்றிற்று. 2017-ல் லக்ஸம்பர்க் பின்தொடர்ந்தது. 2019-ல் ஐக்கிய அரபு எமிரேட்டுகள். 2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில், நாம் கண்டு வியந்த படத்தை எடுத்த அதே ஜப்பானும் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றிற்று. அளவை 2007-ல், பாத்தியதைச் சட்டம் 2021-ல். குமாஸ்தாவின் கேள்விக்கு விடை பதினான்கே வருஷங்களில் வந்துவிட்டது!

இதனினும் விசித்திரமான ஒரு செய்தி உண்டு. 2020-ம் வருஷம் டிசம்பரில் நாஸா சந்திர மண் வாங்குவதற்குச் சில கம்பெனிகளுடன் ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் ஒரு கம்பெனிக்குக் குறிக்கப்பட்ட கிரயம் ஒரு டாலர். மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரக் கூட வேண்டுவதில்லை. அங்கேயே ஒரு பிடி அள்ளி, அள்ளியதைப் படம் எடுத்து அனுப்பி, இருந்த இடத்திலேயே உடைமையை மாற்றிக் கொடுத்தால் போதும். ஒரு டாலர் என்றால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும், வக்கீலுக்கு வராது. கிரயத்தின் பெருமையில் இல்லை விஷயம். விற்பனை என்று ஒன்று நடந்துவிட்டால், விற்றவனுக்கு உரிமை இருந்தது என்று வாங்கியவன் ஒப்புக்கொண்டதாகிறது. அதுவே நாளை முன்மாதிரியாக எடுத்துக் காட்டப்படும். அந்த விற்பனைக்குச் சாட்சி எது? சந்திரனில் எடுத்த படம்! காமிரா வெறும் கண் அன்று. அது சாட்சிக் கூண்டிலும் ஏறக்கூடியது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நியாயமாக எடுத்துரைக்க வேண்டும். நடுக்கடல் எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் அங்கே பிடித்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தம். சந்திரனும் அப்படியே என்கிறார்கள். அப்போலோ யாத்திரிகர் கொணர்ந்த 382 கிலோ கல்லும் மண்ணும் அமெரிக்காவுடையவை என்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லையே என்கிறார்கள். கோடி கோடியாகப் பணம் போட்டு உயிரையும் பணயம் வைத்துப் போகிறவனுக்கு லாபம் இல்லையென்றால் யார் போவார்கள் என்றும் கேட்கிறார்கள். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மீன் மறுபடியும் குஞ்சு பொரிக்கும். சந்திரனது இருட்பள்ளத்தில் அநேக கோடி வருஷங்களாகச் சேர்ந்த பனி, எடுத்தால் மறுபடியும் ஊறாது. அப்போலோ கற்கள் பல தேசத்து விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்டன. அவை வியாபாரச் சரக்கல்ல. மீனுக்கும் கூட, கண்மூடித்தனமாகப் பிடித்துக் கடல் வறண்ட பின்னர், அளவும் காலமும் விதித்துச் சர்வதேச ஒப்பந்தங்கள் செய்ய வேண்டி வந்ததல்லவா? கடலில் பிந்திச் செய்ததைச் சந்திரனில் முந்திச் செய்வோம் என்பதே நமது வாதம்.

வெளியாரை மட்டும் குறை சொல்லி முடித்துவிடுவது நேர்மையாகாது. 2023-ம் வருஷம் ஏப்ரலில் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கையை எடுத்துப் பாருங்கள். சர்க்கார் சாராத ஸ்தாபனங்கள் விண்வெளிப் பொருள்களை வியாபார ரீதியில் எடுக்கலாமென்றும், எடுத்ததை வைத்துக் கொள்ளவும், சொந்தமாக்கிக் கொள்ளவும், விற்கவும் உரிமை உண்டென்றும் அதில் ஒரு வாசகம் இருக்கிறது. நடைமுறையிலுள்ள சட்டத்துக்கும் இந்தியாவின் சர்வதேசக் கடமைகளுக்கும் உட்பட்டு என்ற நிபந்தனையும் இருக்கிறது, அதனை மறைக்கமாட்டோம். ஆனால் அது பாராளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டமல்ல. சர்க்காரின் கொள்கை அறிக்கை. அதே வருஷம் ஜூன் மாதம் 21-ந் தேதி, அமெரிக்காவின் முயற்சியால் 2020-ல் உருவான ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. விண்வெளிப் பொருள்களை எடுப்பது மாத்திரமே தேசிய அபகரிப்பு ஆகிவிடாது என்று அது சொல்கிறது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் ‘பாதுகாப்பு வளையம்’ குறிக்கவும் அது வழி செய்கிறது. வளையம் என்று போடுவது வேலியாக முளைப்பதை எத்தனையோ முன்சீப் கோர்ட்டுகளில் கண்டிருக்கிறோம்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 23-ந் தேதி மாலை, சந்திரயான்-3 சந்திரனின் தென் துருவப் பிரதேசத்திற்கு அருகே பத்திரமாக இறங்கிற்று. அன்று தேசம் முழுவதும் டெலிவிஷன் பெட்டிகளின் முன்னே மூச்சடக்கி நின்றது. அந்த ஆனந்தத்தில் நாமும் பங்கு கொண்டோம். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஆனந்தக் கூச்சலுக்கிடையில் இரண்டு மாதத்துக்கு முன் போட்ட கையெழுத்தைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்? எத்தனை மேடைகளில் பேசினார்கள்? காட்சியைக் காணக் கோடிப்பேர். ஷரத்தைப் படிக்கப் பத்துப் பேர் என்றால், அது சுதந்திரப் பிரஜைகளுக்கு அழகாகாது.

நாம் வேண்டுவது பெரிய காரியம் அன்று. முதலாவதாக, விண்வெளிச் செல்வத்தைப் பற்றிய உரிமை எதுவாயினும் அது பாராளுமன்றத்தில் பகிரங்க விவாதத்துக்குப் பிறகு சட்டமாக வரட்டும். அச்சட்டத்தில் அனுமதிக்குக் கால வரையும், எடுப்பதற்கு அளவும், லாபத்தில் பொதுப் பங்கும் விதிக்கப்படட்டும். இரண்டாவதாக, பொதுப்பணத்தில் எடுத்த சந்திரப் படங்களும் அளவைகளும் குறித்த காலத்துக்குள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கட்டும். இதில் ஜப்பானியரின் முன்மாதிரி போற்றத்தக்கது. ககுயாவின் அளவைகளை 2009 நவம்பர் முதலே உலக விஞ்ஞானிகளுக்குத் திறந்து விட்டார்கள். ஒருவன் பெட்டியில் பூட்டிய புலப்படம் ஆயுதம். சாவடிச் சுவரில் ஒட்டிய புலப்படம் நியாயம். மூன்றாவதாக, ஐக்கிய நாடுகளின் விண்வெளிக் கமிட்டியில் இச்செல்வங்களைப் பற்றி ஆராய 2021-ல் ஒரு தனிக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது. ராக்கெட் இல்லாத தேசங்களின் குரலாக இந்தியா அங்கே பேசட்டும். அளக்கத் தெரிந்த தேசம், அளக்க முடியாதவர்களுக்காகப் பேசினால்தான் அதன் சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.

படத்தின் முடிவில், 2009-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ககுயா தன் வேலையை முடித்துச் சந்திரனின் மீதே விழுந்து நொறுங்கியதைச் சொன்னார்கள். தாழ்ந்து தாழ்ந்து வரும்போதும் அதன் காமிரா படம் எடுத்துக் கொண்டே இருந்ததாம். பழங்கதையிலும், சந்திரலோகத்துப் பெண்ணை மணக்கப் பிரபுக்கள் பலர் போட்டியிட்டார்கள், சக்கரவர்த்தியே விரும்பினார். ஆயினும் அவளை எவராலும் உடைமையாக்கிக் கொள்ள முடியவில்லை. சக்கரவர்த்தியின் சேனை காவல் நின்றும், அவள் தன் லோகத்துக்கே திரும்பிவிட்டாள்.

பெட்டியை அணைத்துவிட்டுக் குமாஸ்தாவை வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். வானத்தில் வளர்பிறைச் சந்திரன் இருந்தது. “ஊர்ப் பொதுவுக்கு ஊரே காவல், ஐயா, ஊர் தூங்கினால் ஒரு ராத்திரியில் வரப்பு ஏறிவிடும்” என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். அவர் படித்த சட்டப் புத்தகம் நாம் படித்ததை விடப் பழையது. அதில் பிழை இல்லை.